வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் மொட்டை மாடிக்கு ஏறிப் போன பிறகு, காலி வீட்டின் கூடத்தில் கிடந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைச் சாந்தாமணி வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். திருப்பிப் போட்டும் பயனில்லை. எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் கண்ணின் ஓரத்தில் அந்தச் சின்ன அறையின் கதவு வந்து நின்றது. முட்டி வலிக்கிறது, நான் ஏறவில்லை என்று அவள் சொன்னது பாதி மெய். முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் அதே முட்டியோடு நாள்தோறும் தட்டச்சு வேலைக்காக நீதிமன்றத்தின் படிகளை ஏறி இறங்குகிறவள் அவள். மாடிக்குப் போனால் திரும்பி இறங்கும்போது அந்தக் கதவை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். உட்கார்ந்திருந்தால் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தாள். நினைப்பு தப்பாகிவிட்டது. “ஏஞ் சாந்தா, அவ்வளவு நோகுதா? செரி, இங்கியே உக்காந்து யோசிச்சு வையி. நாங்க கீழ எறங்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடு. ரெண்டு பக்கமும் பொழுதோட பதில் கேக்கறாங்க” என்று அவள் கணவர் திருமூர்த்தி படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போனார். எதையும் தட்டிப் பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார். பம்பு உதிரிகள் கடைகிற லேத்துப் பட்டறைக்காரர். கையில் பிடித்துப் பார்க்காதது அவருக்குப் புரியாது. பின்னாலேயே ஏறிய தரகர் ஆறுச்சாமி, “நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம், சாருக்கு என்னங்க, ராத்திரி வந்து படுக்கறவரு. ஊட்டுக்குள்ளயே இருக்கப்போறது நீங்கதானுங்க” என்று சிரித்தார். உள்ளேயே இருக்கப்போவது. அவர் உபசாரமாகச் சொன்னார். அந்தச் சொற்கள் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டன. அவரோடு ஏறிப் போகவில்லை.

ரெண்டில் ஒன்று. காலையில் பார்த்தது புது வீடு. வடவள்ளிக்கு அப்பால், மலை தெரிகிற பக்கம், இன்னும் தார் போடாத சாலையில் எழும்பியிருந்த அடுக்ககத்தின் மூன்றாவது மாடி. சுவிட்சுகளின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் உரிக்கவில்லை. சுவரில் ஆணி இல்லை, தரையில் கீறல் இல்லை, சமையலறையில் புகை மணம் இல்லை, எந்த மூலையிலும் எவரும் உட்கார்ந்து அழுத அடையாளம் இல்லை. உள்ளே காலெடுத்து வைத்ததும் அவளுக்கு நெஞ்சு விரிந்தது. பெயிண்ட் நெடியைக்கூட இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். யாரும் வாழாத வீடு. அதனால் யாரும் வாழாமல் போகவும் இல்லாத வீடு. அந்த நினைப்பு வந்து முடிவதற்குள், வீடுகளை விற்க நிறுவனம் அமர்த்தியிருந்த ஷெரின் என்ற பெண் வாசல் கதவைக் காட்டி, “இதுக்குச் சாவியே கெடையாது மேடம், வெரல வச்சாப் போதும்” என்று சொன்னாள். சாவி இல்லையா? “எல்லாமே சார் போன்ல இருக்கும். வேலைக்காரங்க வெரலச் சேத்துக்கலாம், நின்னுட்டாங்கன்னா எடுத்துடலாம். யாரு எப்ப உள்ள வந்தாங்க, எப்ப வெளிய போனாங்கன்னு சார் பட்டறையில இருந்தே பாக்கலாம்.” உள்ளே இருந்து திறப்பதற்கு? அவள் கேட்ட கேள்வி அவளுக்கே அந்நியர் குரலாகக் கேட்டது. “கைப்பிடியத் திருப்பினாத் தெறந்துக்கும் மேடம். ரெட்டைப் பூட்டுப் போட்டாத்தான் உள்ள இருந்தும் தெறக்காது. கொழந்தைங்க வெளிய ஓடிடக்கூடாதில்ல, பத்திரத்துக்காக.” பத்திரம். வீட்டை எழுதிக் கொடுக்கிற காகிதத்துக்கும் அதுதான் பெயர். ஒருத்தியை அடைத்து வைப்பதற்குச் சொல்லப்படுகிற காரணத்துக்கும் அதுதான் பெயர். அப்போதுதான் திருமூர்த்தி, தேய்ந்த ரேகைகளுள்ள தன் கட்டைவிரலை அந்தக் கண்ணாடியின் மேல் அழுத்திக்கொண்டே, “பாத்துக்கோ சாந்தா, எங்கூடச் சண்டைக்கு வந்தீனா மொதல்ல உன்ற வெரலத்தான் எடுப்பேன்” என்றார். ஷெரின் சிரித்தாள். ஆறுச்சாமி சிரித்தார். அவளும் சிரித்தாள். அதே மாதிரி, அதே அளவு, முன்னொரு காலத்திலும் அவள் சிரித்திருக்கிறாள். அப்போது சொல்லப்பட்டதும் வேடிக்கைதான். தாராபுரத்தில், முதல் கல்யாணமான புதிதில், அவளுடைய அம்மாவை வைத்துக்கொண்டே, காபியை ஆற்றியபடி, “இவ கண்டபடி வெளிய சுத்தறா அத்தை, பேசாம உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுத்தான் மண்டிக்குப் போகோணும்” என்று சொன்னார் அந்த முதல் கணவர். அம்மா சிரித்தாள். அவளும் சிரித்தாள். வேடிக்கை எந்த இடத்தில் வேடிக்கையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது என்பதை எவ்வளவு பின்னால் போய்த் தேடினாலும் அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. நடுவில் கோடு எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டே நடந்து போய்ப் பார்த்தால் உள்ளே இருந்தாள்.

மேலே இரும்பு மூடியை நகர்த்துகிற ஓசை. தொட்டியைத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இந்த வீட்டைப் பற்றி நல்லதாக நினைக்க முயன்றாள். தனி வீடு, ஒரே தளம், பின்னால் ஒரு முருங்கை, மாலையில் மலைப்பக்கத்துக் காற்று, நடந்தே பேருந்துக்குப் போகலாம். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கும். கூப்பிட்டால் கேட்கும் என்பதை ஏன் வசதிகளின் வரிசையில் வைக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் தெரிந்ததும் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். கதவு சாதாரணக் கதவு. தேக்குக் கூட இல்லை. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒதுக்கிக் கட்டிய சின்ன அறை, உயரத்தில் ஒரு காற்றுப் பொந்து. தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில் இருந்தது. கண் மட்டத்தில் ஒன்று. அதற்குக் கீழே, பின்னால் மாட்டியது போலப் புதிதாக, பெரிதாக இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை வந்தபோது, யாரும் கேட்காமலே ஆறுச்சாமி சொன்னார்: “இது ஸ்டோர் ரூமுங்க. பூனை வந்து பால உருட்டிப்போடும், அதுக்காவ வெளிய தாழ்ப்பாள் போட்டாங்க.” கொஞ்ச நேரத்தில் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த ஜோதிமணி என்ற பெண், வீடு பார்க்க வந்தவர்கள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, “அவிய மாமியாளுக்குப் புத்தி பெசகிப் போச்சுங்க. ரோட்டுல எறங்கி ஓடிப்போடும் அந்தம்மா. தண்ணி சொம்பு, தட்டு எல்லாம் உள்ளயே வெச்சிருவாங்க, ஒரு கொறையுமில்ல” என்றாள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவள், மடித்த வேட்டியின் மேல் பெட்டியை நிறுத்திவிட்டு, “மாமியாளா? மாமியா இருந்தாத்தான? நான் ஒண்ணும் பாக்கலீங்க. காலங்காத்தால துணி வாங்கப் போனாலும் ஜன்னல் வழியாத்தான் குடுக்கும் அந்தப்புள்ள” என்றாள். பூனை, மாமியார், அந்தப் பிள்ளை. ஒரே தாழ்ப்பாளுக்கு மூன்று கதைகள். சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தே காலம் தள்ளியவளுக்கு இது புதிதல்ல. ஒரு நிகழ்ச்சியைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். யார் சொன்னது மெய் என்று தேடுவது நீதிபதியின் வேலை. அவளுடைய காது வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும். சொல்கிறவருக்கு எந்த ஆதாயமும் இல்லாத சின்ன விவரம் எது? கதைக்குத் தேவையில்லாமல் தானாக வந்து விழுந்தது எது? அதுதான் பெரும்பாலும் நடந்தது. ஆறுச்சாமியின் பூனைக்கு அப்படி எதுவும் இல்லை, வழுவழுப்பான கதை. ஜோதிமணியிடம் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. இஸ்திரிக்காரியிடம் ஜன்னல் வழியாக நீளும் துணி இருந்தது. பூனைக்குச் சொம்பு வைப்பதில்லை. புத்தி பிசகியவள் இஸ்திரிக்குத் துணி எண்ணிக் கொடுப்பதில்லை. கதைகளை உரித்துப் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு பெண், ஒரு சொம்பு, ஒரு ஜன்னல்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. இறங்கி வண்டியில் ஏறும்போது ஆறுச்சாமி, “பழைய வீட்டுக்காரரு தங்கமான மனுசனுங்க மேடம், அவரால ஒரு தொந்தரவும் வராது” என்று சொன்னார். அவளுக்குக் கால் தடுக்கியது. வீட்டை விற்கிறவரைச் சொன்னார். அது அவளுக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டை உடையவனுக்கும் கட்டியவளை உடையவனுக்கும் இந்த ஊரில் ஒரே சொல்தான். வீட்டுக்காரர் என்ன பண்றாரு என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் வாடகையை ஏத்திட்டாரு என்றும் சொல்வார்கள். பழைய என்ற அடைமொழியும் சேர்ந்துவிட்டால் அவளுக்கு ஒரு முகம்தான் தோன்றும்: பவுடர் பூசிய, மென்மையாகப் பேசுகிற, ஒருபோதும் கை ஓங்காத முகம். தங்கமான மனிதர் என்று தாராபுரத்தில் அவரையும்தான் சொன்னார்கள். திருமூர்த்தியின் அக்கா, வீடு பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, சோற்றைப் பரிமாறிக்கொண்டே, “ஏன்டா மூர்த்தி, நீயும் ரீசேல், அவளும் ரீசேல். ஊடாவது புதுசா வாங்குங்கடா” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். சாந்தாமணியும் சிரித்தாள். மனைவியை நோய்க்குக் கொடுத்தவர் ரீசேல் ஆனதற்கும் அவள் ஆனதற்கும் உள்ள வேறுபாடு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. திருமூர்த்திக்கும் தெரியாது. அவருக்குச் சொல்லப்பட்டது ஒரே சொல்: ஒத்துவரவில்லை. விவாகரத்து மனுவிலும் அதுதான் இருந்தது, இருவரும் மனமொத்துப் பிரிவதாக. ஒத்துவரவில்லை என்ற அந்தச் சொல்லை அதன்பிறகு எத்தனை பெண்களுக்காக அவள் தட்டச்சு செய்திருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும் விசைகளின் மேல் விரல் ஒரு நொடி தயங்கும். இதற்குள் என்ன அறை இருக்கிறதோ.

தாராபுரத்து அறைக்கும் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. பகல் முழுவதும் அதன் வெளிச்சம் சுவரில் இடமாறிக்கொண்டே போகும். அதை வைத்துத்தான் பொழுது தெரியும். அடி இல்லை, திட்டு இல்லை, பட்டினி இல்லை. காலையில் மண்டிக்குக் கிளம்பும்போது சொம்பில் தண்ணீரும் மூடி வைத்த சோறும் கொண்டுவந்து வைப்பார். தலையைத் தடவிக் கொடுப்பார். வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போடுவார். அந்த ஓசை பெரிதாக இருக்காது. மெதுவாகத்தான் போடுவார், அவளுக்குத் திடுக்கென்று இருக்கக்கூடாது என்று. அவளுடைய அம்மாவிடம் ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டில் அவளுக்கு மயக்கம் வருகிறது என்று சொல்லியிருந்தார். அவளிடம், நீ தனியாப் பயந்துக்குவ கண்ணு என்று சொன்னார். எவரிடமும் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு தடவை அவள் மயங்கி விழுந்தது உண்டு. அடுத்த தெருவில் திருட்டுப் போனது உண்டு. அவள் பயந்ததும் உண்டு. பயம் தாழ்ப்பாளுக்குப் பின்னால் வந்ததா முன்னால் வந்ததா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் மின்சார மீட்டர் பார்க்க வந்த ஓர் ஆள், அன்றைக்கு மட்டும் வெளிக்கதவு பூட்டாமல் கிடந்ததால் உள்ளே வந்து குரல் கொடுத்தார். அவள் பதில் சொன்னாள். அவர் கதவருகே வந்தார். பிறகு தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், மீட்டரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுச் செருப்போடு அவள் பேருந்து நிலையம் வரை நடந்தாள். அவ்வளவுதான் கதை. இவ்வளவு சின்னக் கதையைச் சொல்வதற்கு என்ன? சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். இரக்கப்படுவாரோ என்று அவள் அஞ்சவில்லை. நீ ஏன் கத்தவில்லை என்று கேட்பாரே, அதற்குக்கூடப் பதில் தேடி வைத்திருக்கிறாள். அவளை நிறுத்துவது வேறொரு பயம். வெளியே எடுத்துப் பார்க்கவே கூசுகிற பயம். ஒரு தடவை பூட்டி வைக்கப்பட்டவள் என்று தெரிந்தால், பூட்டி வைக்க முடிகிறவள் என்பதும் தெரிந்துவிடும். இப்படியும் செய்யலாம் என்று தோன்றாத ஒரு நல்ல மனதில், செய்யலாம் என்ற வழியை அவளே காட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும். அவர் நல்லவர்தான். முன்னவரும் முதலில் நல்லவர்தான். நல்லவர்கள் எதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று யார் சொல்ல முடியும்? அதனால்தான் வீடு. மனிதரை உள்ளே போய்ப் பார்க்க முடியாது, வீட்டைப் பார்க்கலாம். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எந்தத் தாழ்ப்பாள் யார் கைக்கு எட்டும் என்று பார்க்கலாம். பூட்டவே முடியாத வீடு ஒன்றை அவள் தேடுகிறாள். அதை வெளியே சொல்ல முடியாததால் காற்றோட்டம், வெளிச்சம், தண்ணீர் வசதி என்று ஏதேதோ சொல்லி வருகிறாள். இங்கே கண்ணுக்குத் தெரிகிற தாழ்ப்பாள். அங்கே ஒரு போனுக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத தாழ்ப்பாள். ரெண்டில் ஒன்று.

மேலே மூடியைத் திரும்ப வைத்தார்கள். பேச்சுக் குரல் படிக்கட்டின் வாய்க்கு நெருங்கி வந்தது. காலி வீட்டில் ஓசை தங்க இடமில்லாமல் அப்படியே வழிந்து இறங்கும். ஆறுச்சாமியின் குரல் காதில் வந்து விழுந்தது. பெண்கள் இல்லாத இடத்தில் பேசுகிற குரல். சாட்சிகளும் அப்படித்தான், கூண்டில் ஒன்று சொல்வார்கள், தாழ்வாரத்தில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேறொன்று சொல்வார்கள். “…பழைய வீட்டுக்காரரு பாக்கறதுக்குத்தானுங்க பசு. பொண்டாட்டிய உள்ள தள்ளி, தாழ்ப்பாளப் போட்டுட்டுத்தான் சார் வேலைக்குக் கெளம்புவாரு. எல்லாருக்குந் தெரியும், ஒருத்தரும் கேக்கல.” பிறகு திருமூர்த்தியின் குரல், நிதானமாக: “எனக்குந் தெரியுமுங்க. மொத நாளே தெரிஞ்சு போச்சு. பாவம், அவகிட்டக் கேக்க வேண்டாமுன்னுதான் வாயத் தொறக்காம இருக்கறேன்.” முதல் நாளே. சுவர் அவளை நோக்கி ஓரடி நகர்ந்தது. முதல் நாளே தெரியும். போன ஆவணியில் மாலை மாற்றிக்கொண்ட அன்றைக்கே தெரியும். யார் சொன்னது? அக்காவா? அம்மாவே சொல்லியிருப்பாளா, மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும் என்று? தாராபுரத்தில் லேத்து வேலை கொடுக்கிறவர்கள் யாராவது? தெரிந்துகொண்டே கூட இருந்திருக்கிறார். அவள் இரவில் படுக்கையறைக் கதவை ஒருக்களித்துத்தான் வைப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் படுத்திருக்கிறார். குளியலறைக்குப் போனால் பாட்டுப் பாடுவாள், ஆள் உள்ளே இருக்கிறது என்று தெரிவதற்கு. அதையும் தெரிந்தே கேட்டிருக்கிறார். உன்ற வெரலத்தான் எடுப்பேன் என்று இன்றைக்குச் சொன்னாரே, அதையும் தெரிந்துகொண்டே சொன்னார். நினைப்பு அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. தெரியாமல் சொன்னால் வேடிக்கை. தெரிந்து சொன்னால் என்ன? அதற்குப் பெயர் என்ன? ஓடிவிடலாம். வாசல் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் கால், தாராபுரத்தில் நடந்த அந்தக் கால், இப்போது எழுந்திருக்கவில்லை. அங்கே அவளுக்குப் பின்னால் விட்டுவிட்டு வருவதற்கு எதுவும் இல்லை. இங்கே இருக்கிறது. காலையில் தோசைக்கு அரைத்த மாவு இருக்கிறது, அவருடைய எண்ணெய்க் கறைச் சட்டை ஊறுகிறது, இரவு உணவுக்குப் பிறகு அவர் சொல்லும் பட்டறைக் கதைகள் இருக்கின்றன. ஐயோ, இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பயத்தின் நடுவில் தோன்றியதால் அதுவும் பயமாகவே இருந்தது.

அவர்கள் இறங்கி வந்தார்கள். திருமூர்த்தி கையைத் தட்டித் தூசியை உதறினார். “தொட்டி பரவால்ல சாந்தா. சொல்லு, எது?” அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “எப்பருந்து தெரியும் உங்களுக்கு?” என்றாள். “என்னது?” “பழைய வீட்டுக்காரர் பண்ணினது.” திருமூர்த்தி ஆறுச்சாமியைப் பார்த்தார். “உனக்குக் கேட்டுதா? மொத நாளேதான்” என்றார். “யார் சொன்னா? உங்கக்காவா?” “எங்கக்காவா? அவளுக்கு இந்தப் பக்கமே தெரியாதே!” “அப்ப ஆறுச்சாமியண்ணனுக்குத் தாராபுரத்துல யாரைத் தெரியும்?” என்று அவள் கேட்டாள், கத்திவிட்டாள்; காலி வீடு அந்த ஊர்ப் பெயரை இன்னொரு தடவை சொல்லிக் காட்டியது. ஆறுச்சாமி திகைத்துப் போய், “தாராபுரமுங்களா? எனக்கு அங்க ஒருத்தரையுந் தெரியாதுங்க மேடம். நான் இந்த ஊட்டுப் பழைய வீட்டுக்காரரையல்லோ சொன்னேன்! இந்தக் கதவுங்க, இந்த ரூமு. சார் போன ஞாயித்துக்கெழமையே கண்டுபுடிச்சுட்டாரு, நீங்க இதையப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சாமா, அதனால கேக்கலீன்னு சொன்னாருங்க…” என்று சொல்லிக்கொண்டே வந்து, சொல்லி முடிப்பதற்குள் தான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்பதைக் கண்டுகொண்டார். நல்ல தரகர், எந்த நேரத்தில் வெளியே போக வேண்டும் என்று தெரிந்தவர். “வண்டி வெயில்ல நிக்குதுங்க, நெழலுக்குத் தள்ளிப்போட்டு வந்தர்றேன்” என்று போய்விட்டார். அவள் சொல்லிவிட்டாள். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு, இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததைத் தானே வெளியே போட்டுவிட்டாள். திரும்ப எடுக்க முடியாது. இனி அவர் கேட்பார். ஏன் கத்தவில்லை என்று கேட்பார். அல்லது கேட்காமல் தெரிந்துகொள்வார். அதுதான் இன்னும் மோசம். இதோ அவர் முகத்தில் அது ஏறிக்கொண்டிருக்கிறது. அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார்.

அவர் நடந்து போய் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தார். கதவின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிற ஓசை கேட்டது. “இந்தப் பக்கம் புடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லயே” என்றார், தமக்குத் தாமே. பிறகு, “சாந்தா, இங்க வா. இந்தத் தாழ்ப்பாள வெளிய இருந்து போடு.” அவளுக்குப் புரியவில்லை. “போடு சொல்றேன். எனக்குப் பாத்தாத்தான் தெரியும்.” வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எழுந்து போனாள். கதவைச் சாத்தினாள். பெரிய தாழ்ப்பாளை, அந்தப் புதியதை, கையில் பிடித்தாள். அவள் வாழ்நாளில் இதன் இந்தப் பக்கத்தில் நின்றதே இல்லை. தள்ளினாள். போய்விட்டது. பாரமே இல்லை, பால் பாக்கெட்டை நகர்த்துகிற அளவுக்குக் கூட இல்லை. இவ்வளவு இலேசான வேலையா இது? இதற்கு வெறுப்பு வேண்டியதில்லை, பலம் வேண்டியதில்லை, கெட்ட மனம் கூட வேண்டியதில்லை. ஒரு விரல் போதும். உள்ளே ஓசை இல்லை. அவர் அங்கே இருக்கிறார். அவள் திறக்கும் வரை இருப்பார். தன் கையைப் பார்த்தே அவளுக்குப் பயம் வந்தது. கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையைக் கதவின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி, “ரெண்டு வருசம் இப்படி” என்று ஆரம்பித்தாள். முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. சொம்பைச் சொன்னாள். சுவரில் நகரும் வெளிச்சத்தைச் சொன்னாள். தலையைத் தடவிக் கொடுத்ததைச் சொன்னாள். மீட்டர்காரர் முகத்தைப் பார்க்காமல் போனதைச் சொன்னாள். நீதிமன்றத்தில் யாரோ சொல்ல அவள் தட்டச்சு செய்வது போல, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். உள்ளிருந்து ஒரு குறுக்குக் கேள்வியும் வரவில்லை. முடித்ததும் அவளாகவே, “புது வீடே இருக்கட்டும்” என்றாள். “ஆனா அந்த வெரல் பூட்டு வேண்டாம். கழட்டிட்டுச் சாவி போடற பூட்டா மாட்டித் தரச் சொல்லுங்க. ஒரு சாவி எங்கிட்ட இருக்கோணும். அதைய நீங்க எங்கிட்ட ஒருக்காலும் கேக்கக் கூடாது.”

“செரி” என்றது கதவு. குரல் மாறியிருந்தது. யாருடையது என்று சட்டென்று சொல்ல முடியாத, ஒடுங்கிய குரல்.

கொஞ்சம் பொறுத்து, “உள்ள காத்தே இல்ல சாந்தா” என்றார்.

“தெரியும்” என்று சொல்லி, அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.